ஆறு வாரமும் இருபது வருடமும்

அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு மாதாமாதம் வந்துபோகிறவர்களின் கையில் ஒரு நோட்டு இருக்கும். அட்டை மடங்கி, ஓரம் பிசுக்கேறி, மஞ்சள் பைக்குள் ஆதார் நகலோடு கிடக்கும். திறந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி, மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், காலையா இரவா, எத்தனை நாளைக்கு என்ற விவரம். அதன் கீழே பெரும்பாலும் ஒரே குறிப்புதான்: அதே மருந்தைத் தொடரவும்.

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் சேலம், நாமக்கல் பக்கத்தில் இவரைப் போன்றவர்களுக்குப் பஞ்சமில்லை. எட்டு வருடமாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுகிறார். அவருடைய பழைய நோட்டுகளை அடுக்கி வைத்தால் எட்டு வருடத்தில் விழுங்கிய மாத்திரைகளின் கணக்கு துல்லியமாகக் கிடைக்கும். எந்த மாதம் தறிக்குப் போனார், காதில் குரல் கேட்பது எப்போது நின்றது, மகளைப் பள்ளிக்கு வண்டியில் கூட்டிப்போக எப்போது ஆரம்பித்தார் என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. “எப்படிம்மா இருக்காரு?” என்று மருத்துவர் கேட்கிறார். “பரவாயில்லீங்க சார்” என்கிறார் மனைவி. வெளியே வரிசை நிற்கிறது. அடுத்த மாதத்து மாத்திரை எழுதப்படுகிறது.

இதே குடும்பத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தால் நிலைமை வேறு. எச்.பி.ஏ.1சி என்று ஒரு ரத்தப் பரிசோதனை. கடந்த இரண்டு மூன்று மாதத்தில் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை அது காட்டிவிடும். பரிசோதனைக்கு முந்தைய நாள் மட்டும் பத்தியம் இருந்து ஏமாற்ற முடியாது. மனத்துக்கு அப்படியொரு பரிசோதனை இதுவரை இல்லை. ஸ்கேனிலும் தெரியாது, ரத்தத்திலும் தெரியாது. கேட்பது, கவனிப்பது, எழுதிவைப்பது ஆகிய மூன்றை வைத்துத்தான் ஒருவர் வருடக்கணக்கில் தேறிவருகிறாரா இல்லையா என்று சொல்லியாக வேண்டும். அதிலும் கடைசியில் சொன்ன எழுதிவைப்பதில்தான் நாம் ரொம்பவும் பின்தங்கியிருக்கிறோம்.

எழுதாவிட்டால் என்ன, ஞாபகம் இருக்காதா என்று கேட்கலாம். இந்த விஷயத்தில் ஞாபகத்தை நம்ப முடியாது. மனச்சோர்வில் இருப்பவருக்குச் சோகமான நினைவுகளே எளிதில் மேலே வரும். உளவியல் ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்ட விஷயம் இது. “கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இப்படித்தானுங்க” என்பார். நடுவில் இரண்டு வருடம் கோழிப்பண்ணை வேலைக்கு ஒழுங்காகப் போய்வந்தது அவர் நினைவில் இருக்காது. வீட்டார் நினைவுக்கு வேறு கோளாறு உண்டு. ஒரு நீண்ட அனுபவத்தை மதிப்பிடும்போது அதன் உச்சகட்டத்தையும் கடைசிப் பகுதியையும் வைத்தே மனிதர்கள் முடிவுக்கு வருகிறார்கள் என்று டேனியல் கானமன் முதலானோர் 1990களில் காட்டினார்கள். மகன் நடுராத்திரியில் தெருவில் கத்தியதும், போன வாரம் சாப்பிடாமல் படுத்ததும் அம்மாவுக்கு நினைவிருக்கும். இடைப்பட்ட பதினெட்டு மாதம் நினைவிலிருந்து உதிர்ந்துவிடும்.

ஜெர்மன் மனநல மருத்துவர் எமில் கிரெப்லினுக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இது தெரிந்திருந்தது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை போட்டு, வருடக்கணக்கில் அவருக்கு என்ன ஆனது என்பதைச் சேர்த்து எழுதிக்கொண்டே போனார். மனச்சிதைவையும் இருமுனை மனநோயையும் தனித்தனி நோய்களாகப் பிரிக்க அவருக்கு உதவியது அந்த அட்டைகள்தான். ஒரு நாளில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கலாம். பத்து வருடத்தில் இரண்டின் பாதையும் வேறாகிவிடும்.

எழுதுவதென்றால் எதை எழுதுவது? இங்கேதான் அளவுகோல்கள் வருகின்றன. மனச்சோர்வுக்கு மேக்ஸ் ஹாமில்டன் 1960இல் ஒன்றை உருவாக்கினார். 2001இல் பி.எச்.க்யூ.9 வந்தது. கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் கவனிக்க வேண்டும், இருபதைத் தொட்டால் கடுமை. பதினெட்டில் ஆரம்பித்தவர் ஒன்பதுக்கு வந்தால் மருந்து வேலை செய்கிறது என்று நம்பலாம். பதினொன்றிலிருந்து ஒன்பதுக்கு வந்தால் கொண்டாட ஏதுமில்லை. ஐந்து புள்ளியாவது நகர்ந்தால்தான் மாற்றம் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். சேலம் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா சமயத்தில், சொந்தபந்தம் எல்லாம் வீட்டில் கூடியிருக்கும்போது கேட்டால் ஒரு மதிப்பெண் வரும். தறிப்பட்டறையில் வேலைநிறுத்தம் நடக்கும்போது கேட்டால் வேறு வரும். ஒற்றை மதிப்பெண்ணை நம்பி மருந்தை மாற்றுவது ஆபத்து.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. அதைக் கோயிலிலிருந்து தொடங்கினால் நன்றாகப் புரியும்.

நாமக்கல்லிலிருந்து திருச்சிக்குப் போகும் வழியில், முசிறி தாண்டிக் காவிரிக் கரையில் குணசீலம் இருக்கிறது. மனநிலை சரியில்லாதவர்களை அழைத்துவந்து ஒரு மண்டலம், அதாவது 48 நாள், பெருமாள் சன்னதியில் தங்கவைப்பது இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தலைமுறைப் பழக்கம். படித்தவர்கள் இதைக் கேலி செய்வதுண்டு. கேலி செய்யாமல் அளந்து பார்த்தவர்கள் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ரகுராமும் அவருடைய குழுவினரும். அவர்கள் எடுத்துக்கொண்டது வேறொரு தமிழ்நாட்டுக் கோயில்: வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயில். அங்கே வந்து தங்கிய 31 பேரை வந்த அன்றும் கிளம்பிய அன்றும், மனநோய் அறிகுறிகளை அளக்கும் பி.பி.ஆர்.எஸ். என்ற அளவுகோலால் மதிப்பிட்டார்கள். தங்கியது சராசரியாக ஆறு வாரம். மருந்து கிடையாது, பெரிய சடங்கும் கிடையாது. கோயில் வேலை செய்வார்கள், பூஜையில் கலந்துகொள்வார்கள். சராசரி மதிப்பெண் 52.9இலிருந்து 42.9க்கு இறங்கியிருந்தது. கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பல மனநல மருந்துகள் தரும் பலனுக்கு நிகரானது என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான கட்டுரை இது.

இதை நம்புவதா? நம்பலாம், ஒரு கேள்வியைக் கூடவே வைத்துக்கொண்டு. கோயிலுக்கு ஒருவரை எப்போது அழைத்துப்போகிறார்கள்? நிலைமை மிக மோசமாக இருக்கும்போதுதான். ஏறியும் இறங்கியும் போகிற எந்த நோயிலும், உச்சத்தில் இருக்கும்போது அளந்தால் அடுத்த அளவு பெரும்பாலும் அதைவிடக் குறைவாகவே இருக்கும், எந்தச் சிகிச்சையும் செய்யாவிட்டாலும்கூட. சராசரியை நோக்கித் திரும்புதல் என்று புள்ளியியலில் இதற்குப் பெயர். பெற்றோர், பிள்ளைகளின் உயரங்களை ஒப்பிட்டபோது பிரான்சிஸ் கால்டன் 1886இல் விளக்கியது இது. கோயிலின் பலனில் எத்தனை பங்கு கோயிலுடையது, எத்தனை பங்கு இந்தத் திரும்புதலுடையது என்று சொல்ல வேண்டுமானால், கோயிலுக்குப் போகாத அதே மாதிரி 31 பேர் ஒப்பீட்டுக்கு வேண்டும். அந்த ஆய்வில் அவர்கள் இல்லை. ஆனால் கோயிலைப் பிடித்து உலுக்கும் அதே கேள்வி மருத்துவமனைக்கும் பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மோசமான நாளில் வந்து சேர்க்கப்பட்டு மூன்று வாரத்தில் தெளிந்து வீட்டுக்குப் போகிறவரைப் பார்த்து, ஊசி வேலை செய்துவிட்டது என்று நாம் மகிழ்வதிலும் அந்தத் திரும்புதலின் பங்கு கொஞ்சம் இருக்கிறது.

ஆறு வாரத்தை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தவர்கள் உலகத்திலேயே குறைவு. அவர்களில் ஒரு கூட்டம் சென்னையில் இருந்தது.

1981-82இல் சென்னை அரசு பொது மருத்துவமனையின் மனநலத் துறைக்கு மனச்சிதைவோடு முதல் முறையாக வந்த 90 பேரை ஆய்வாளர்கள் சேர்த்துக்கொண்டார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சென்னை, வேலூர், லக்னோ ஆகிய மூன்று ஊர்களில் நடத்திய ஆய்வின் ஒரு பகுதி அது. திட்டம் முடிந்ததும் கோப்பைக் கட்டிவைத்துவிட்டுப் போவதுதான் நம் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. 1984இல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ஸ்கார்ஃப் என்ற மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனத்தில் டாக்டர் ஆர். தாராவும் சகாக்களும் அந்த 90 பேரைப் பின்தொடர்ந்துகொண்டே இருந்தார்கள். பத்தாவது வருடத்தில் 76 பேரைப் பார்த்தார்கள். இருபதாவது வருடத்தில் 61 பேர்.

எண்ணிக்கை குறைந்ததில் துக்கம் இருக்கிறது; சிலர் இறந்துபோனார்கள், தற்கொலையும் அதில் உண்டு. ஆனால் இருபது வருடம் கழித்து, செல்பேசி இல்லாத காலத்தில் ஆரம்பித்த ஓர் ஆய்வில், வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நகரத்தில், மூன்றில் இரண்டு பங்கினரைத் தேடிப்பிடித்தது சாதாரண வேலையா? இந்த ஆய்வின் உண்மையான கதாநாயகர்கள் வீடு வீடாக அலைந்த களப்பணியாளர்கள் என்பேன். பத்தாண்டுக் கட்டுரை 1994இல் வந்தது, இருபதாண்டுக் கட்டுரை 2004இல். இரண்டிலும் அவர்களுடைய கால்வலி எண்களாக மாறி உட்கார்ந்திருக்கிறது.

என்ன தெரியவந்தது? குரல் கேட்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்ற பயம் போன்ற வெளிப்படையான அறிகுறிகள் முதல் ஒன்றிரண்டு வருடத்திலேயே பெரும்பாலோரிடம் சரசரவென்று இறங்கிவிட்டன. பத்து வருட முடிவில் பெரும்பான்மையோர் நல்ல நிலையில் இருந்தார்கள். இருபது வருடத்திலும் ஓயாமல் நோயோடே இருந்தவர்கள் சிலர்தான். பலருடைய பாதை வருவதும் போவதுமாக இருந்தது. ஒரே கோட்டில் மேலே ஏறிக் குணமானவர்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். ஒரே கோட்டில் சரிந்தவர்களும் அதே போல அபூர்வம்.

எனக்கு இந்த ஆய்வில் பிடித்தது வேறு. அறிகுறிகளோடு நிற்காமல் வாழ்க்கையையும் எண்ணினார்கள். பத்து வருட முடிவில் சுமார் 70 சதவீதம் பேர் திருமணமானவர்கள். அந்தத் திருமணங்களில் பெரும்பாலானவை உடையாமல் இருந்தன. எண்ணை உடைத்துப் பார்த்தால் நம் சமூகம் தெரிகிறது: திருமணமாகாமல் நின்றவர்களில் ஆண்கள் அதிகம், கைவிடப்பட்டவர்களில் பெண்கள் அதிகம். நோயின் தீவிரத்தை மட்டும் அளந்திருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது. ஒரு பெண்ணின் அறிகுறி மதிப்பெண் பூஜ்யமாகி, அதே வருடத்தில் அவர் தாய்வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் முன்னேற்றமா, பின்னடைவா? இரண்டு பேரேடு வேண்டும். ஒன்றில் நோய், இன்னொன்றில் வாழ்க்கை. இரண்டும் சேர்ந்து நகர்வதில்லை. மாத்திரையால் குரல் அடங்கியவர் வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது உண்டு. குரல் கேட்டுக்கொண்டே கொலுசுப் பட்டறையில் பற்றவைப்பு வேலை பார்ப்பவரும் உண்டு.

இத்தனை பேர் தேறினார்கள் என்றால், இந்த நோய் வந்தால் அவ்வளவுதான் என்று ஏன் மருத்துவர்களே நினைத்தார்கள்? பாட்ரீசியா கோஹன், ஜேக்கப் கோஹன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1984இல் இதற்கு அழகான விடை சொன்னார்கள். தேறியவர் மருத்துவமனைக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறார். தேறாதவர் வருடக்கணக்கில் வந்துகொண்டே இருக்கிறார். எந்த ஒரு திங்கட்கிழமை காலையிலும் மருத்துவர் முன் வரிசையில் நிற்கும் முகங்களில் தேறாதவர்களே அதிகம் இருப்பார்கள். அந்த வரிசையைப் பார்த்தே நோயின் போக்கைக் கணித்தால் தவறும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநில மருத்துவமனையில் பல வருடம் அடைபட்டுக் கிடந்து 1950களில் வெளியே வந்த 269 பேரை கோர்ட்னி ஹார்டிங் குழு சராசரியாக 32 வருடம் கழித்துத் தேடிப் பார்த்தபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் குறிப்பிடத்தக்க அளவு தேறியோ முழுக்கக் குணமாகியோ இருந்தார்கள். 1987இல் அது வெளியானபோது பலர் நம்ப மறுத்தார்கள்.

எவ்வளவு காலம் பார்க்கிறோம் என்பது விடையையே தலைகீழாக்கலாம். நெதர்லாந்தில் லெக்ஸ் வுண்டெரிங்க் குழுவினர் முதல் முறை மனநோய் வந்து தெளிந்தவர்களை இரண்டு கூறாகப் பிரித்தார்கள். ஒரு கூறுக்கு மருந்து தொடர்ந்தது. மற்றதற்கு மருத்துவர் மேற்பார்வையில் மெல்லக் குறைக்கப்பட்டது. 2007இல், இரண்டு வருட முடிவில், குறைத்தவர்களிடம் நோய் அதிகமாகத் திரும்பியிருந்தது. தொடர்வதே நல்லது என்று எழுதி முடித்தாயிற்று. ஏழு வருடத்தில் அதே ஆட்களில் 103 பேரை மறுபடி பார்த்தார்கள். நோயும் அடங்கி வாழ்க்கையும் மீண்டவர்கள் குறைத்த கூறில் 40 சதவீதம், தொடர்ந்த கூறில் 18 சதவீதத்துக்கும் குறைவு. 2013இல் இது வந்ததும் பெரிய விவாதம் கிளம்பியது, இன்னும் ஓயவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட வேண்டாம். தானாக நிறுத்துகிறவர்களுக்கு நோய் திரும்பும் அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்று 1999இல் வந்த ராபின்சன் ஆய்வு சொல்கிறது. மருந்தை எவ்வளவு குறைக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதற்கும் பதில் சொல்ல அவருக்குக் கடந்த சில வருடத்து வரலாறு வேண்டும்.

அரசாங்கம் முன்னேற்றத்தை அளக்கும் விதம் தனிக் கதை. மனநோயால் வரும் இயலாமைக்குச் சான்றிதழ் தர ஐடியாஸ் என்ற இந்திய அளவுகோல் இருக்கிறது. தன்னைத் தானே பார்த்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேசுவதும் புரிந்துகொள்வதும், வேலை என நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் நான்கு மதிப்பெண் வரை. கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை மாதம் நோய் இருந்தது என்பதற்கு இன்னும் நான்கு. மொத்தம் இருபது. ஏழைத் தொட்டால் இயலாமை 40 சதவீதம்; சலுகைகள் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. வாழ்க்கையை அளக்கிற நல்ல கருவி இது, எனக்கு இதன்மேல் மரியாதை உண்டு. ஆனால் ஜவ்வரிசி ஆலையில் வாரத்துக்கு நான்கு நாள் வேலைக்குப் போக ஆரம்பித்த ஒருவருடைய மதிப்பெண் எட்டிலிருந்து ஆறுக்கு இறங்கினால், அவர் தேறியதற்குக் கிடைக்கும் பரிசு சலுகை ரத்து. மறுபரிசீலனைக்கு வரும்போது “பரவாயில்லீங்க” என்று சொல்லாமல் “ஒண்ணும் முடியலீங்க” என்று சொல்ல வீட்டார் பழகிக்கொள்கிறார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அளப்பவரிடம் பணம் இருந்தால் அளவு வளையும்.

வீட்டில் எழுதக்கூடியது அப்படி வளையாது. மாதத்துக்கு ஒரு பக்கம் போதும். எத்தனை ராத்திரி தூக்கம் கெட்டது, எத்தனை நாள் வேலைக்குப் போனார், எத்தனை வேளை மாத்திரை விட்டுப்போனது, எடை எவ்வளவு. தூக்கத்தை முதலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு: நோய் திரும்புவதற்குச் சில நாள் முன்னரே பலருக்குத் தூக்கம்தான் முதலில் போகும். குறிப்பாக இருமுனை நோயில், மூன்று ராத்திரி தூங்காமலும் களைப்பில்லாமலும் இருந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம் அது. எடையை எழுதுவதற்கு வேறு காரணம். ஓலன்சபின் போன்ற மருந்துகளில் எடையும் சர்க்கரையும் ஏறும். கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது வருடம் முன்னதாக இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கு இதயம், சர்க்கரை போன்ற உடல் நோய்களால். மனம் தேறிக்கொண்டே வந்த எட்டு வருடத்தில் இடுப்பளவு எட்டு அங்குலம் கூடியிருந்தால் அதுவும் கணக்கில் வர வேண்டாமா?

மருத்துவமனை வைத்திருக்கும் பதிவிலும் நமக்கு உரிமை இருக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, தன் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகிறது. கேட்பவர்கள் அபூர்வம்.

சேலம், நாமக்கல் பக்கத்தில் அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிவைக்க மற்றவர்களைவிட அதிகக் காரணம் உள்ளவர்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள். ஆழ்துளைக் கிணறு தோண்ட வடமாநிலங்களுக்குப் போனால் திரும்ப மாதக்கணக்காகும். இருமுனை நோய்க்கு லித்தியம் சாப்பிடும் ஒருவர் அந்த வண்டியில் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ரத்தத்தில் லித்தியத்தின் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். சிறுநீரகத்தையும் தைராய்டையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும். வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலும், உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டாலும் அளவு எகிறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வரும். குடித்திருக்கிறான் என்று கூட இருப்பவர்களே நினைத்துவிடலாம். கடைசி மூன்று பரிசோதனை முடிவுகளையும் மருந்தின் அளவையும் செல்பேசியில் படமெடுத்து வைத்திருந்தால், தமிழ் தெரியாத நாக்பூர் மருத்துவருக்கும் ஒரே நிமிடத்தில் விஷயம் புரியும்.